வாழைக்காய்ப் பொடியும் துவர்ப்புச் சுவையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கமும் ஆய்வரங்கமும் நடந்த மேடையில் அடுக்களையைப் பற்றி ஓர் உரை எதற்கு என்னும் ஐயம் அவையில் சிலருக்கு எழக்கூடும். தமிழ் இலக்கியத்திற்கு அந்த ஐயம் எழுந்ததே இல்லை. ஆற்றுப்படை பாடிய புலவர்கள், வள்ளலின் கொடையைச் சொல்லுமுன் வழியில் எந்த நிலத்தில் எந்த உணவு கிடைக்கும் என்பதைச் சொன்னார்கள். புல்வேளூரில் பூதன் என்பவன் இட்ட உணவை ஔவையார் பாடிய தனிப்பாடல் இன்றும் நிலைத்திருக்கிறது. அதில் விருந்தின் ஆடம்பரம் எதுவும் இல்லை. எளிய தானியச் சோறு, நெருப்பில் வாட்டிய ஒரு காய், புளித்த மோர், அவ்வளவே. அதற்கு உலகத்தையே விலையாகச் சொன்னார் அந்த மூதாட்டி. நெருப்பில் வாட்டிய காயின் அருமை அறிந்த நாக்கு அது.

அவ்வாறு நெருப்பில் வாட்டிச் செய்யப்படும் உணவுகளில் ஒன்றுதான் சுட்ட வாழைக்காய்ப் பொடி. நெல்லைச் சீமையிலும் தஞ்சைப் பகுதியிலும் பல வீடுகளில் அண்மைக் காலம்வரை வழக்கில் இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. பொடி என்ற பெயரைக் கேட்டு இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் உலர்ந்த பொடி என்று எண்ணிவிடலாகாது. உதிரி உதிரியாக, ஈரப்பதத்துடன், மணலும் அல்லாத மாவும் அல்லாத ஒரு பதத்தில் இருப்பது. சுடுசோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து உண்பதற்குரியது.

வாழை தமிழ்க் கவிதைக்குப் புதியதன்று. ஆனால் கவிதைக்குள் பெரிதும் நுழைந்தது கனியே. அகநானூற்றின் 2ஆம் பாடலில் கபிலர், வாழைக்கனியும் பலாச்சுளையும் பாறைச் சுனையில் வீழ்ந்து தேறலாக மாறுவதையும், தண்ணீரென்று எண்ணி அதைப் பருகிய கடுவன் மயங்கிக் கிடப்பதையும் காட்டுகிறார். முக்கனி என்னும் வரிசையில் வாழை இடம்பெற்றதும் கனியாகவே. குலைவாழை மங்கலத்தின் அடையாளமாயிற்று. வாழையடி வாழை என்பது குடிப்பெருமையைச் சொல்லும் தொடராயிற்று. காய்க்கோ இத்தகைய பெருமை வாய்க்கவில்லை. கனிக்கு அவை கிடைத்தது. காய்க்கு அடுப்பு கிடைத்தது.

அடுப்பங்கரையிலும் தோட்டத்திலும் வாழைக்கு வழங்கும் சொற்கள் எத்தனை! குருத்து, இலை, சருகு, மட்டை, நார், தண்டு, கிழங்கு, கன்று, பூ, மடல், தார், சீப்பு, காய், கனி. இவற்றோடு கச்சல் என்று ஒரு சொல் உண்டு. தாரின் நுனியில் முற்ற வழியின்றி விரலளவில் நின்றுபோகும் மெல்லிய பிஞ்சுக்கு அப்பெயர். கடுந்துவர்ப்பு உடையது, கசப்பும் சற்றே கலந்தது. தென்மாவட்டங்களில் அதையும் வீணாக்காமல் பருப்போடு சேர்த்துக் கூட்டாக்குவர். கச்சல் என்ற சொல்லை இன்றைய இளங்கவிஞர் எத்தனை பேர் தம் கவிதையில் ஆண்டிருப்பர் என்பது தெரியவில்லை. காய் சமையலை விட்டுப் போனால் சொல் அகராதியில் மட்டும் எஞ்சும். அகராதியில் கிடக்கும் சொல்லை எடுத்துக் கவிதையில் வைத்தால் அது காட்சிப்பொருளாக நிற்குமே அன்றி உயிர்பெற்று எழுவதில்லை.

பொடிக்கு எந்த வாழைக்காயும் ஆகாது. மொந்தனே உரியது. தடித்த தோல், மழுங்காத விளிம்புகள், பருத்த உடல், வெளிர் பச்சை நிறம். சாம்பல் பூத்தாற்போன்ற தோலுடைய வகையும் உண்டு. ஈழத்திலும் கறிக்கென்று தனித்துப் பேணப்படுவது அவ்வகையே. பயிரியலார் கணக்குப்படி, நாம் உண்ணும் வாழைகளுள் பெரும்பாலானவை மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரண்டு காட்டினங்களின் வழிவந்தவை. மொந்தனில் பின்னதன் பங்கு இரண்டு, முன்னதன் பங்கு ஒன்று. மாவுத்தன்மையும் வறட்சியைத் தாங்கும் உறுதியும் அந்தப் பால்பிசியானா வழியாக வந்த குணங்கள். குமரி மாவட்டத்தார் ஏத்தன் என்றழைக்கும் நேந்திரன் வறுவலுக்கு ஈடற்றது. ஆனால் சுட்டால் இனிப்பு மேலோங்கி நிற்கும். பொடிக்குரிய வறண்ட உதிர்வு அதில் வராது.

காயைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிப் பக்குவம் அடங்கியிருக்கிறது. முற்றியிருக்க வேண்டும், பழுப்பதற்குத் தொடங்கியிருக்கக் கூடாது. காம்பை ஒடித்தால் பால் வடிய வேண்டும். வாங்கிய அன்றே சமைக்க இயலாதெனில் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் மூழ்கும்படி போட்டு வைப்பது பழைய வழக்கம். காற்றுப்படாத காய் பழுப்பதைத் தள்ளிப்போடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துக் காயும் கெட்டுவிடும். வெப்பநாட்டுப் பயிருக்குக் குளிர் ஆகாது என்பதைப் பெட்டி வாங்கிய பிறகுதான் பல வீடுகள் கற்றுக்கொண்டன.

இனி, செய்முறை. நான்கைந்து பேருக்கு இரண்டு மொந்தன் காய்கள் போதும். தோலைச் சீவாமல், நறுக்காமல், முழுக்காயின்மேல் நல்லெண்ணெயை லேசாகத் தடவி, சோறு வடித்து முடிந்த அடுப்பின் தணலில் புதைக்க வேண்டும். சுவாலையில் அன்று, தணலில். சுவாலை தோலை எரித்துவிட்டு உள்ளே பச்சையாக விட்டுவிடும். தணலோ பொறுமையாக உள்ளே இறங்கும். அவ்வப்போது திருப்பிவிட்டு, நாற்புறமும் தோல் கரிந்து வெடிக்கும் நிலையில், தென்னை ஈர்க்கு ஒன்றைக் குத்திப் பார்த்தால் தடையின்றி இறங்க வேண்டும்; ஆயின் குழைந்த இடத்தில் இறங்குவது போல் வழுக்கிக்கொண்டு போகலாகாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட உணர்வை எந்தச் சமையல் நூலும் எழுதிக் காட்டியதில்லை. முக்கால் வேக்காடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

எரிவாயு அடுப்பிலும் செய்யலாம். காயின் உடலில் இரண்டு மூன்று இடங்களில் கீறிவிட்டு, சிறு தீயில் கம்பிவலையின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடுவது வழி. கீறாமல் வைத்தால் உள்ளே சேரும் நீராவி காயை வெடிக்கச் செய்யும். பொறுமை குறைந்தோர் குக்கரில் வேகவைத்துத் துருவிக்கொள்கின்றனர். உண்ணத் தகாததன்று, ஆனால் அது வேறோர் உணவு. புகையின் மணம் ஏறாத காயைப் பொடி என்று அழைப்பது பெயரளவில் மட்டுமே பொருந்தும்.

சுட்ட காயின் கரிந்த தோலை இளஞ்சூட்டில் உரித்தெடுத்து, காயை முழுவதுமாக ஆறவிட வேண்டும். இங்கேதான் புதிதாகச் செய்வோர் அவசரப்படுவர். சூட்டோடு துருவினால் காய் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஆறிய பின் துருவினால் பூப்போல் உதிரும். காய் ஆறுவதற்குள் மற்றவற்றை வறுத்துக்கொள்ளலாம். துவரம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் ஐந்தாறு, சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், புளியங்கொட்டை அளவு புளி. எல்லாவற்றையும் சிறிது நல்லெண்ணெயில், பருப்பு பொன்னிறமாகும்வரை தனித்தனியே வறுத்து, உப்புச் சேர்த்து உரலில் இட்டு ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மாவாகிவிடக் கூடாது, பல்லில் கடிபட வேண்டும். துருவிய காயை இறுதியில் சேர்த்து, உலக்கையின் எடை மட்டும் படும்படி நான்கு போடு போட்டால் போதும். பிறகு கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவர். தாளிதம் வேண்டாம், புகைமணம் மறைந்துவிடும் என்று வாதிடும் வீடுகளும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆறவிடுதல் என்னும் அந்தச் சிறிய ஒழுங்குக்குள் உடல்நலம் பற்றிய செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. முற்றிய வாழைக்காயில் நீரை நீக்கி எஞ்சும் பொருளில் 70 முதல் 80 விழுக்காடு மாவுச்சத்தே. கனியும்போது அது ஏறத்தாழ முழுவதும் சர்க்கரையாக மாறிவிடுகிறது. பச்சைக்காயின் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை செல்லும் இயல்புடையது. செரிமானத்தை எதிர்த்து நிற்கும் மாவுச்சத்து என்று இதற்கு இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1980களில் பெயரிட்டனர். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து, குடல்சுவருக்கு உணவாகும் அமிலங்களை உண்டாக்குகின்றன. உண்டவரின் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாதிருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆனால் யாரும் வாழைக்காயைப் பச்சையாக உண்பதில்லை. வேகும்போது மாவுமணிகள் நீரை உறிஞ்சி உப்பி உடைந்து, எளிதில் செரிக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே நன்கு குழைய வேகவைத்த காயில் மேற்சொன்ன நன்மை பெரிதும் குறைந்துபோகும். ஆறும்போதோ உடைந்த மாவின் ஒரு பகுதி மீண்டும் இறுகி, செரிக்க மறுக்கும் நிலைக்குத் திரும்புகிறது. ஆறிய காய் உதிர்வதும் இதனாலேயே, ஆறிய காய் மெல்லச் செரிப்பதும் இதனாலேயே. பதத்திற்காகக் காத்திருந்த பாட்டிமார் உடலுக்கும் சேர்த்தே காத்திருந்தனர். அறிந்து செய்தார்கள் என்று புகழுரை கூறவேண்டியதில்லை. நாவுக்கு எது நன்றாக இருந்ததோ அதைச் செய்தார்கள், அது போதுமானது.

தோலோடு சுடுவதில் இன்னொரு பயன் உண்டு. வாழைக்காயில் பொட்டாசியம் மிகுதி. நறுக்கி வேகவைத்து நீரை வடித்தால் அதில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். தோலுக்குள்ளேயே வெந்த காயில் அது தங்கிவிடுகிறது. சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியவர்கள். அத்தகையோர் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பொடியை நாடலாகாது. நீரிழிவு உடையவர்களுக்கும் ஒரு சொல்: வாழைக்காய் மருந்தன்று, உணவு. சோற்றின் அளவைக் குறைத்து அதனிடத்தில் இதை வைத்தால் பயனுண்டு. வழக்கமான சோற்றை முழுவதும் உண்டு, அதற்கு மேல் இதையும் உண்டுவிட்டு வாழைக்காயைப் பழிப்பதில் பொருளில்லை.

வாழைக்காய் வாயு என்பது ஊரறிந்த வழக்கு. அது வெறும் நம்பிக்கையன்று. பெருங்குடலில் நடக்கும் புளிப்பில் காற்று உண்டாவது இயல்பே. அதனால்தான் வாழைக்காய் எந்த வடிவில் வந்தாலும் பெருங்காயமோ, மிளகோ, சீரகமோ, இஞ்சியோ உடன் வருகிறது. ஒரு குறையைக் கண்டு காயை விலக்கிவிடாமல் அதற்கு ஒரு துணையைத் தேடிக் கொடுத்த மரபு இது.

மிளகாயைப் பற்றி இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன செய்முறையில் மிளகாய் வற்றல் இருக்கிறது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்தது. அதற்கு முன்னர் தமிழர் காரம் மிளகே. வந்த விருந்தாளிக்கு மிளகின் பெயரையே ஒட்டுப்போட்டு மிளகாய் என்று அழைத்தது மொழி. உருளைக்கிழங்கும் தக்காளியும் அவ்வாறே கடல்கடந்து வந்தவை. இன்றும் பல வீடுகளில் திதி நாள் சமையலில் இவை எவற்றுக்கும் இடமில்லை. மிளகும் வாழைக்காயும் உண்டு. அமாவாசைத் தர்ப்பணம் முடிந்ததும் அரிசியோடு வாழைக்காயை வைத்துத் தானம் தருவதும் வழக்கம். சடங்கின் பொருளை ஏற்போர் ஏற்கலாம், மறுப்போர் மறுக்கலாம். ஆயினும் மிளகாய் வருமுன் தமிழர் இலையில் என்ன இருந்தது என்பதை, கல்வெட்டைப் போல அந்த ஒருநாள் சமையல் காத்து வைத்திருப்பது கருதத்தக்கது. ஆதலால் பொடியின் பழைய வடிவை அறிய விழைவோர் மிளகாயை நீக்கி ஒரு தேக்கரண்டி மிளகைச் சேர்த்துச் செய்து பார்க்கலாம். காரம் நாக்கின் நுனியை விட்டுத் தொண்டைக்கு இறங்கும். காயின் துவர்ப்பு அப்போதுதான் வெளிப்படும்.

துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றென்று பள்ளிப்பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சொல். மேலைநாட்டு உடலியலார் இதைச் சுவையாக ஏற்பதில்லை. தொடு உணர்வு என்கின்றனர். காயிலுள்ள துவர்ப்பிகள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து, வாயின் வழுவழுப்பை நீக்கி, உலர்ந்து இழுப்பது போன்ற உணர்வைத் தருகின்றன. தமிழ்ச்சொல் இதை முன்பே அறிந்ததுபோல் இருப்பது வியப்பு. துவர்தல் என்பதற்கு உலர்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. குமரி மாவட்டத்தில் துவர்த்து என்றால் ஈரம் துடைக்கும் துண்டு. நாவை உலர்த்தும் சுவைக்கும் உடலை உலர்த்தும் துணிக்கும் ஓரடிச் சொல் அமைந்திருப்பதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தச் சுவை இன்று எங்கே இருக்கிறது? வாழைப்பூ, வாழைக்காய், அத்திப்பிஞ்சு, நாவல், பாக்கு என்று ஒரு சிறு குடும்பமே எஞ்சியிருக்கிறது. வெற்றிலைப் பழக்கம் குறைந்ததும் பாக்கும் போய்க்கொண்டிருக்கிறது. வாழைப்பூவை ஆய்ந்தெடுக்க ஒரு முற்பகல் வேண்டும். அந்த முற்பகல் வேலைக்குப் போகும் வீடுகளில் இல்லை. இளந்தலைமுறையினர் வாழைக்காயைச் சந்திக்கும் ஒரே இடம் கடற்கரையின் பஜ்ஜிக்கடை. அங்கே கடலைமாவும் எண்ணெயும் மிளகாய்த்தூளும் பேசுகின்றன, காய் வாய்திறப்பதில்லை. இனிப்பும் உப்பும் காரமும் மட்டுமே அறிந்த நாக்கு உருவாகி வருகிறது. கசப்புக்காவது கவிதையில் செல்வாக்கு இருக்கிறது. துவர்ப்பைப் பாடுவோர் அரியர். இனிக்கவும் செய்யாமல் கசக்கவும் செய்யாமல் வாயைச் சற்றே இறுக்கிவிட்டு விலகும் மனநிலைகள் வாழ்க்கையில் இல்லாமலா போயின? அவற்றைச் சொல்லும் சொல் நாவில் பழகாததால் எழுத்தில் வருவதில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

தணல், ஈர்க்கு, கங்கு, ஒன்றிரண்டாக இடித்தல், முக்கால் வேக்காடு, கச்சல் ஆகிய சொற்கள் இந்த ஒரு பொடியைச் செய்து முடிப்பதற்குள் வாயில் வந்துபோயின. விறகடுப்பை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. அதன் புகையில் கண்ணும் நெஞ்சும் கெட்ட பெண்களின் கணக்கு பெரிது. புகைமணத்தைப் புகழ்ந்து எழுதியோர் பெரும்பாலும் அடுப்பை ஊதாதவர்களே என்பதும் மறைப்பதற்கில்லை. அடுப்பு போகட்டும். அடுப்போடு இருந்த சொற்களை, அவற்றைப் பேசுவோர் இருக்கும்போதே எழுதி வைப்பது இயலும். வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும், அல்லது சொந்த ஊரிலும், எழுபதைக் கடந்த ஓர் அம்மாவோ அத்தையோ இருப்பார். பொடி எப்படிச் செய்வது என்று கேட்டால் அளவு சொல்லமாட்டார்; கையைக் காட்டுவார். அந்தக் கை சொல்வதைத் தமிழில் எழுதுவது, மரபுக்கவிதையில் தளை தட்டாமல் எழுதுவதைக் காட்டிலும் எளிதன்று.

தோலைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. சுட்ட காயின் தோல் கரியாகிவிடுவதால் எறிய வேண்டியதே. மற்றச் சமையல்களில் சீவும் தோல் அவ்வாறன்று. கையில் எண்ணெய் பூசிக்கொண்டால் கறை ஒட்டாது. சீவிய தோலை உடனே நீர்மோரில் போட்டால் கறுக்காது. அதைப் பொடியாக அரிந்து, மஞ்சள் சேர்த்து வேகவைத்து, வேகவைத்த தட்டைப்பயறும் தேங்காய்த்துருவலும் கலந்து துவட்டினால் காயைவிடத் துவர்ப்பு மிக்க ஒரு கறி கிடைக்கும். மோர்க்குழம்புச் சோற்றுக்குப் பொருத்தமானது. தோல் முற்றலாக இருந்தால் மட்டும் மேல்நாரை உரித்துவிட வேண்டும்.